உன் பெயருக்கு வந்த மூன்று உறைகள்

அன்புள்ள தம்பி,

எதையும் வரிசைப்படுத்திக்கொள்ளாமல் எனக்கு எழுத வராது. ஆகவே இந்தக் கடிதத்தில் என்னென்ன வருகிறது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோபம் வந்து நீ பாதியில் நிறுத்திவிட்டாலும், எது மிச்சம் இருக்கிறது என்று உனக்குத் தெரிய வேண்டும்.

1. லகாட்டில் இருக்கும் நம் வீட்டுக்கு உன் பெயரில் வந்த மூன்று கடிதங்கள்.
2. அவற்றைப் பற்றி நான் உன்னிடம் சொன்ன பொய்.
3. அதே பொய்யை இதற்கு முன் யாரிடம் சொன்னேன்.
4. மிச்சமிருக்கும் பதினொரு நாளில் செய்ய வேண்டியவை.
5. உன் குனோங் ராபாட் வீட்டை ஏன் கடைசி வரை விடக் கூடாது.

அவசரமாக இருந்தால் நான்காவதை முதலில் படி. மற்றவை பெரும்பாலும் என்னைப் பற்றியவை, அவை காத்திருக்கும்.

உன் அடையாள அட்டையில், ஐசியில், இன்னும் லகாட் முகவரிதான் இருக்கிறது. கல்யாணம் முடிந்து குனோங் ராபாட்டுக்குப் போன பிறகு அதை மாற்றச் சொல்லி இரண்டு முறை சொன்னேன். மூன்றாவது முறை சொன்னால் உன்னை வீட்டிலிருந்து வெட்டிவிடுவது போல இருக்குமோ என்று நிறுத்திக்கொண்டேன். வீட்டுக் கடன் பத்திரத்திலும் இந்த முகவரிதான் ஏறியிருக்கிறது என்பது இப்போதுதான் தெரிகிறது. பொங்கல் முடிந்து முதல் கடிதம் வந்தது, மெல்லிய உறை. இரண்டு மாதம் கழித்து இன்னொன்று, கொஞ்சம் கனமாக. மூன்றாவதைத் தபால்காரத் தம்பி கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தான். பெயர் எழுதி, ஐசி எண் எழுதி, உறவு என்ற இடத்தில் 'தந்தை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மூன்றையும் நான் பிரிக்கவில்லை. கிடைத்த தேதியை மட்டும் உறையின் மூலையில் பென்சிலால் குறித்து, வீட்டு வரி ரசீதுகள் இருக்கும் பிஸ்கட் டின்னில் தேதி வாரியாக வைத்தேன்.

முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூட அலுவலகத்தில் கிராணி வேலை பார்த்தவன் நான். வந்த கடிதத்தில் தேதி முத்திரை குத்தி, உரியவர் மேசையில் வைப்பதோடு என் வேலை முடிந்தது. அடுத்தவர் பெயருள்ள உறையைப் பிரிக்கக் கூடாது என்பது நல்ல பழக்கம்தான். ஆனால் ஒரு நல்ல பழக்கத்துக்குப் பின்னால் ஆள் ஒளிந்துகொள்ளவும் முடியும். நீ வரும்போது கொடுக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ வந்தாய், நான் கொடுக்கவில்லை. அதை அடுத்ததில் சொல்கிறேன்.

நேற்று காலை மின்சார பில்லோடு தபால்காரத் தம்பி வந்தான். கேட்டுக்கு வெளியே மோட்டார் சைக்கிள் இன்ஜினை அணைக்காமலேயே கேட்டான்.

"அங்கிள், அன்னிக்கு ரெஜிஸ்டர் லெட்டர் ஒண்ணு கொடுத்தேனே, மகன்கிட்ட சேத்துட்டீங்களா?"

"வரும்போது கொடுக்கலாம்னு வெச்சிருக்கேன்."

"என்னா அங்கிள், அது லாயர் ஆபீஸ் கவர் லா. எங்க அண்ணனுக்கும் அப்படித்தான் வந்துச்சி. பிரிக்காம ஃப்ரிட்ஜ் மேல வெச்சிட்டாரு. கடைசில வீட்டை லெலோங்ல விட்டுட்டாங்க."

"அண்ணன் இப்ப எங்க இருக்காரு?"

"எங்க இருப்பாரு? எங்க வீட்டு ஹால்லதான். டிவி ரிமோட்டு இப்ப அவரு கையில," என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனான்.

லெலோங், ஏலம், என்ற அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகுதான் எனக்கு டின்னை இறக்கத் தைரியம் வந்தது. அல்லது பயம் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மாறியது, எதுவென்று தெரியவில்லை. கத்தியால் ஓரத்தில் கீறி மூன்றையும் பிரித்தேன். முதல் கடிதம் இரண்டு மாதத் தவணை கட்டவில்லை என்று நினைவூட்டுகிறது. இரண்டாவது, நான்கு மாதமாகிவிட்டது, இனி வக்கீலிடம் ஒப்படைப்போம் என்கிறது. மூன்றாவது வக்கீலிடமிருந்து, நிலச் சட்டத்தின்படி வரும் முறையான நோட்டீஸ். கிடைத்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் பாக்கியைத் தீர்க்காவிட்டால் வீட்டை ஏலத்தில் விற்க உத்தரவு கேட்போம் என்று மலாயில் எழுதியிருக்கிறது. கிடைத்த நாள் என்பது நான் கையெழுத்துப் போட்ட நாள். அதற்குப் பிறகு பத்தொன்பது நாள் போய்விட்டது. அந்தப் பத்தொன்பது நாளைச் செலவழித்தது நீ இல்லை, நான்.

இனி இரண்டாவது. இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு முன் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு நீ தனியாக வந்தாய். மருமகள் புனிதாவுக்குத் தலைவலி என்றாய். தொழிற்சாலை வேலையை நீயாகவே விட்டுவிட்டு வாடகைக்குக் கார் ஓட்டுவதாகவும், நேரம் நம் கையில் இருக்கிறது என்றும் முன்பு சொல்லியிருந்தாய். அதை நான் நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். நம்புவது சுலபமாக இருந்தது, அவ்வளவுதான். சாப்பிட உட்கார்ந்ததும், தட்டைப் பார்த்தபடியே நீ கேட்டாய்.

"அப்பா, எனக்கு லெட்டர் ஏதும் வந்துச்சா?"

உன் முகத்தைப் பார்த்தேன். கழுத்துப் பக்கம் சட்டை தொளதொளவென்று இருந்தது. டின் என் தலைக்கு மேலே அலமாரியில் இருந்தது, கையை நீட்டினால் எட்டும்.

"ஒண்ணும் வரலப்பா," என்றேன்.

"ஓ, சரி," என்றாய். உன் தோள் இரண்டும் இறங்கின. அம்மாவிடம் இன்னொரு கரண்டி சோறு கேட்டாய். ரசம் ஊற்றிப் பிசைந்து நீ சாப்பிட்டதைப் பார்த்து, நல்ல காரியம்தான் செய்தோம் என்றுகூட நினைத்தேன். உறைக்குள் என்ன இருக்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது என்பது உண்மை. ஆனால் நல்ல செய்தியை யாரும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பதில்லை என்பது தெரியும். வரவில்லை என்று நான் சொன்னதால், வங்கி இன்னும் சும்மாதான் இருக்கிறது என்று நீ நினைத்திருப்பாய். இன்னும் இரண்டு மாதம் ஓட்டினால் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டிருப்பாய். அந்தக் கணக்கைத் தப்பாக்கியவன் நான்.

மூன்றாவதை எழுத எனக்குக் கை வரவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து எழுதுகிறேன். இதை அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை.

கோலா கங்சாருக்கு அப்பால் நாங்கள் வேலை செய்து குடியிருந்த ரப்பர் தோட்டத்தைக் கம்பெனி விற்றபோது எனக்குப் பதினாறு வயது. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான். யாருக்கு எந்தக் கடிதம் வந்தாலும் என்னிடம் கொண்டுவருவார்கள், வாசித்துச் சொல்வேன். ஒரு நாள் கம்பெனியிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கடிதம் கொடுத்தார்கள். என் அப்பா ரப்பர் பாலை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்து, காலில் ஒட்டியிருந்த பாலை உரித்துக்கொண்டே கேட்டார்.

"என்னாடா போட்டிருக்கான் வெள்ளைக்காரன்?"

அடுத்த மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று போட்டிருந்தது. இரண்டு வாரத்துக்குள் ஆபீசில் வந்து கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு ஒரு தொகை உண்டு, அதற்குப் பிறகு வருகிறவர்களுக்கு இல்லை என்றும் போட்டிருந்தது. இரண்டு முறை வாசித்தேன். அப்பாவுக்கு அப்போது இருமல். முந்தின நாள்தான் வேலை வாங்கும் தண்டலோடு சண்டை போட்டுவிட்டு வந்திருந்தார். இதைச் சொன்னால் அப்படியே எழுந்து ஆபீசுக்குப் போய்க் கத்துவார் என்று பயந்தேன்.

"தோட்டம் கைமாறுதாம்பா. வேற ஒண்ணும் இல்ல," என்றேன்.

"வேல இருக்குமா?"

"இருக்கும்பா."

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் மறுநாளே எதிர் லயத்தில் இருந்த உன் தாத்தா, அம்மாவின் அப்பா, எங்கள் வாசலுக்கு வந்தார். "ஆபீஸ்ல விசாரிச்சிட்டேன். வாப்பா, கையெழுத்துப் போட்டுட்டு கிடைக்கிறத வாங்கிக்குவோம். நாள் கம்மியா இருக்கு," என்றார். என் அப்பா சிரித்தார். "எவனோ எதையோ சொன்னா நம்பிடுவியா? எம்பையன் படிச்சிப் பாத்துட்டான். அப்படி ஒண்ணும் இல்ல. பயந்தாங்கொள்ளி, நீ போய் கையெழுத்துப் போடு." நான் உள்ளே புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்து ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். என் அப்பா என்னை நம்பி நாலு பேர் முன்னால் பேசிவிட்ட பிறகு, அந்த வாக்கியம் எனக்கு மிகவும் பெரியதாகிவிட்டது.

உன் தாத்தா குடும்பம்தான் முதலில் லாரி ஏறியது. ஒவ்வொரு வாரமும் ஒரு லயம் காலியானது. நாங்கள் மட்டும் இருந்தோம். பைப்பில் தண்ணீரை நிறுத்தினார்கள், ஆற்றிலிருந்து தூக்கி வந்தோம். கடைசியில் ஒரு சல்லிக்காசு வாங்காமல், எங்கள் கைக்காசில் லாரி பிடித்து வெளியேறினோம். அப்பா சாகும்வரை, "கடைசியா வெளியானது நாங்கதான்," என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவரைத் திருத்தவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்காத பெருமையாக அது இருந்தது.

இனி நான்காவது. இதை எழுதுவதற்கு முன், எங்கள் பள்ளியில் படித்து இப்போது ஈப்போவில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் வேலை செய்கிற பெண்ணுக்குப் போன் செய்தேன். என் நண்பர் ஒருவருக்காகக் கேட்பதாகச் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகச் சொல்லிவிட்டு அவள், "சார், உங்க நண்பரோட மகன நாளைக்கே பேங்குக்குப் போகச் சொல்லுங்க. அவரோட அப்பாவும் கூட போனா நல்லது சார்," என்றாள். நான் நன்றி சொல்லிப் போனை வைத்தேன். கீழே எழுதுவது அவள் சொன்னது. எனக்குச் சட்டம் தெரியாது, நான் குறித்துக்கொண்டதில் தவறும் இருக்கலாம்.

போன் செய்து கேட்காதே. கடன் எடுத்த கிளைக்கு நேரில் போ. பாக்கி விவகாரம் பார்க்கும் அதிகாரி யார் என்று கேட்டு அவர் எதிரே உட்கார். மூன்று கடிதத்தையும், நீ கார் ஓட்டிச் சம்பாதித்ததற்குக் கைப்பேசியில் இருக்கும் வருமான விவரத்தை ஆறு மாதத்துக்கு அச்செடுத்ததையும், புனிதாவின் சம்பளச் சீட்டையும், வீட்டு மாதச் செலவை ஒரு தாளில் எழுதியதையும் கொண்டு போ. வேலை எப்படிப் போனது என்பதை உள்ளபடி சொல். நீயாக விட்டாய் என்று எங்களிடம் சொன்னதை அங்கே சொல்லாதே. அவர்கள் கேட்கிற தொகைக்குத் தலையாட்டிவிட்டு வராதே, உன்னால் உண்மையில் மாதம் எவ்வளவு முடியும் என்பதை நீ முதலில் சொல். கடனுக்கு வருடத்தைக் கூட்டித் தவணையைக் குறைக்க முடியுமா என்று கேள். அவர்கள் எதற்கு ஒத்துக்கொண்டாலும் எழுத்தில் வாங்கு. பேசினவர் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள். பிறகு அந்த எழுத்தின் நகலை வக்கீல் அலுவலகத்திலும் கொடுத்து, கொடுத்ததற்கு முத்திரை வாங்கு. வங்கி ஒரு பக்கம் பேசிக்கொண்டிருக்க, வக்கீல் இன்னொரு பக்கம் தன் வேலையைச் செய்துகொண்டே போவாராம். முத்திரை வாங்குவதை மட்டும் நான் கூட வந்து பார்த்துக்கொள்கிறேன், அது எனக்குத் தெரிந்த வேலை.

கடனில் மாட்டிக்கொண்டவர்களுக்காக அரசாங்கம் வைத்திருக்கிற ஆலோசனை அலுவலகம் ஒன்று இருக்கிறதாம், காசு வாங்க மாட்டார்கள். கிரெடிட் கார்டு, கார், வீடு எல்லாவற்றையும் ஒரே தாளில் போட்டு, உனக்காக வங்கியோடு பேசுவார்கள். உன் சேமநிதியில் வீட்டுக்கென்று எடுக்கக்கூடிய பகுதி எவ்வளவு இருக்கிறது என்றும் பார். என் சேமிப்பில் இருப்பது இரண்டு மாதத் தவணைக்கு வரும், அதை எடுத்துக்கொள், அதற்கு நன்றி சொல்ல வேண்டாம். காருக்குத் தவணை ஒழுங்காகக் கட்டி, வீட்டுக்கு நிறுத்தியிருக்கிறாய் என்று நினைக்கிறேன். கார் போனால் அன்றைக்குச் சோறு போய்விடும், அதனால் உன்னைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருக்கும் போன் நம்பருக்கு மட்டும் அழைக்காதே. கந்து வட்டிக்கு விடும் அந்த ஆலோங் கும்பல் கேட்டில் சிவப்புச் சாயம் ஊற்றின வீடு நம் வரிசையிலேயே இருந்தது, நீ பார்த்திருக்கிறாய். லெலோங்கைத் தள்ளிப்போட்டுத் தருகிறோம், முன்பணம் கொடு என்று யாராவது கூப்பிட்டாலும் போகாதே.

ஐந்தாவது. நீ முதலில் பார்த்து வைத்தது சின்ன வீடு, உள்வரிசையில். நான்தான் உன்னோடு வந்து, சுண்ணாம்பு மலை தெரிகிற அந்த மூலை வீட்டின் முன்னால் நின்று, "எடுத்தா கோர்னர் லாட்டா எடு, ஒரு தடவதான் வாங்கப் போற," என்றேன். எதற்கும் துணியாத நான் அன்றைக்கு உன் காசில் துணிந்தேன். வீடு புகுந்த அன்று வந்தவர்களை எல்லாம் வீட்டோடு சேர்ந்த பக்கத்து நிலத்தைச் சுற்றிக் காட்டினேன். நம்முடையது அடுத்தவர் வீட்டிலிருந்து ஒருமுறை வெளியேற்றப்பட்ட குடும்பம். நிலப் பட்டாவில், கிரானில், நம் பெயர் ஏறிய மண் ஒன்று நமக்கு வேண்டும் என்பதுதான் எனக்கு அந்த லாரியில் தோன்றிய ஒரே எண்ணம். ஆகவே எதை விற்றாலும், யாரிடம் கையேந்தினாலும், அந்த வீட்டை மட்டும் நீ விடக் கூடாது. கடைசி நாள் வரை

இந்த இடத்தில் அம்மா பாசாரிலிருந்து வந்துவிட்டாள். காய்கறிப் பையை இறக்கிவிட்டு, மேசையில் திறந்து கிடந்த டின்னைப் பார்த்தாள்.

"என்னங்க இது, வீட்டு வரி இன்னும் கட்டலையா?"

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, நான் எழுதியிருந்த தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தாள். மெதுவாகப் படிப்பவள் என்பது உனக்குத் தெரியும். நான் கீரையை ஆயத் தொடங்கினேன். மூன்றாவதை அவள் இரண்டு முறை படித்தாள்.

"அன்னிக்கு ரெண்டாவது தடவ சோறு போட்டேன்," என்றாள். "அதுக்கு முன்னாடி இத அவன் கையில கொடுத்திருக்கலாம்."

"ஆமா."

"எங்கப்பாவ உங்கப்பா பயந்தாங்கொள்ளின்னு சொன்னாரே, அது எனக்குத் தெரியும். எங்கப்பாவே வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரிச்சாரு. உங்களாலதான்னு தெரியாது." பிறகு கடைசித் தாளை என் முன்னால் வைத்தாள். "இந்த அஞ்சாவது தப்புங்க."

"எது?"

"நாம உக்காந்திருக்கிற இந்த வீட்டுக்கு முன்பணம் யாரு கொடுத்தா?"

"உங்கப்பா."

"எந்தக் காசு?"

எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாது என்பதால் எழுதுகிறேன். தோட்டத்தில் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டு வாங்கின அந்தத் தொகையை உன் தாத்தா தொடாமல் வைத்திருந்து, எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு இந்த லகாட் வீட்டுக்குக் கொடுத்தார். நாற்பது வருடத்துக்கு மேலாக நான் படுத்து எழுந்திருக்கிற கூரை, நேரத்தோடு வெளியேறின ஒருவர் கொடுத்தது. கடைசி வரை நின்ற என் அப்பாவிடமிருந்து எனக்கு வந்தது அந்தப் பெருமை மட்டும்தான்.

"அவளுக்குப் போன் போட்டீங்களே, வக்கீல் ஆபீஸ் பொண்ணு, அவ வேற ஒண்ணும் சொல்லலையா?" என்று அம்மா கேட்டாள்.

சொன்னாள், தம்பி. நான்காவதில் அதை நான் விட்டுவிட்டேன். மறந்து விடவில்லை, ஐந்தாவதுக்கு ஒத்துவராது என்று விட்டேன். அவள் சொன்னது இதுதான்: "கணக்குப் போட்டுப் பாத்து, தவணையக் குறைச்சாலும் முடியாதுன்னு தெரிஞ்சா, லெலோங்குக்கு விடாம அவரே வித்துடறது நல்லது சார். லெலோங்ல வெல இறங்கும். கடன் மிச்சம் நின்னா அதயும் அவர்கிட்டதான் கேப்பாங்க. சொந்தமா வித்தா கையில கொஞ்சமாவது நிக்கும்." வந்த செய்தியை உரியவரிடம் சேர்க்காமல் விழுங்கிவிடுகிற வேலையை, அதற்காக மன்னிப்புக் கேட்கிற கடிதத்திலேயே மூன்றாவது முறையும் செய்திருக்கிறேன்.

ஆகவே ஐந்தாவதில் நான் எழுதியது தவறு. வீட்டைக் காப்பாற்ற முடிந்தால் காப்பாற்று, நான்காவதில் இருக்கிற எல்லாவற்றையும் செய்து பார். முடியாவிட்டால் நீயே விற்றுவிடு. மூலை வீடு நான் ஆசைப்பட்டது. இங்கே பின்னறை காலியாக இருக்கிறது, புனிதாவின் அலமாரி அங்கே நுழையுமா என்று அம்மா இப்போது முழம் போட்டு அளந்துகொண்டிருக்கிறாள். இரண்டில் எது என்று நீயும் புனிதாவும் முடிவு செய்யுங்கள். உங்களுக்குப் பயந்தாங்கொள்ளி என்று பெயர் வைக்க இந்தப் பக்கம் யாரும் இல்லை.

ஐந்தாவதைக் கிழித்துப் போடச் சொன்னாள் அம்மா. அலுவலகத்தில் தவறை அழிக்க மாட்டோம். படிக்கும்படியாக ஒரே கோடு போட்டு, பக்கத்தில் சுருக்கொப்பம் வைப்போம். வைத்திருக்கிறேன். தானும் பார்த்ததாகச் சொல்லி, அம்மாவும் தன் பெயரை முழுதாக எழுதியிருக்கிறாள்.

இதைத் தபாலில் போடவில்லை. காரை வெளியே எடுத்து வைத்திருக்கிறேன். கடிதம் என் சட்டைப் பையிலும், மூன்று உறைகளும் அம்மா மடியிலும் வருகின்றன. கேட்டைத் திறந்ததும் முதலில் உறைகளை வாங்கிக்கொள். கடிதத்தைப் பிறகு படிக்கலாம்.

அப்பா